மொறிஸ் மைனரைத் தினமும் ஓடலாமா? கொட்டிலுக்குள் நிற்கும் ஒரு கார் பற்றி

கேள்வி: கோப்பாய் மாஸ்ரர்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோப்பாயில் இருக்கிறேன். சுன்னாகத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். மனைவி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் தாதி. மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. இவ்வளவு நாளும் நாலு பேருக்கும் ஒரே மோட்டார் சைக்கிள்தான். போன கார்த்திகையில் உரும்பிராய்ச் சந்தி தாண்டி, வெள்ளத்துக்குள் கிடங்கு இருந்தது தெரியாமல் விட்டு, மகளும் நானும் விழுந்தோம். அவளுக்கு முழங்கையில் உரசல், அவ்வளவுதான். ஆனால் பின்னால் வந்த பஸ் பிறேக் அடித்த சத்தம் இன்னும் காதுக்குள் நிற்கிறது. அடுத்த மாரிக்கு முன்னம் நாலு சில்லு வேண்டும் என்று வீட்டில் முடிவு.

வாங்கலாம் என்றால் விலை எட்டவில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய விலை, 2025இல் திரும்பத் திறந்த பிறகும் எங்களைப் போன்ற ஆட்களுக்குக் கிட்ட வரவில்லை. ஒரு பழைய ஆல்ட்டோவுக்கு லீசிங் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து வருடத்துக்கு என் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும்.

இதற்கிடையில் மனைவியின் அம்மம்மா வளவில் ஒரு மொறிஸ் மைனர் நிற்கிறது. 1960ஆம் ஆண்டு, 948 சிசி எஞ்சின், இரண்டு கதவு, சாம்பல் நிறம், பக்கத்தில் இருந்து எழும்பும் கை சிக்னல். அம்மப்பா தபால் அதிபராக இருந்தபோது வாங்கியது. 90ஆம் ஆண்டு பெற்றோல் தடை வந்த பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறார். சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி, குழாயைக் காபரேற்றருக்கு விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவாராம். அந்த மணம் சீலையை விட்டுப் போகாது என்று அம்மம்மா இப்போதும் சொல்லுவா. அவர் 2013இல் காலமானார். அன்றிலிருந்து கார் கிடுகுக் கொட்டிலுக்குள் நிற்கிறது. பின் சீற்றுக்குள் எலி கூடு கட்டியிருக்கிறது. நாலு ரயரும் இருந்துவிட்டன. முன்னால் ஓட்டைக்குள் கைபிடியைப் போட்டுச் சுற்றிப் பார்த்தேன், எஞ்சின் இறுகவில்லை, சுற்றுகிறது.

கொழும்பில் இருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு விலை பேசிப் போயிருக்கிறார். மாமா விற்கச் சொல்லுகிறார். அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் வந்த அன்று அவ சாப்பிடவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். காலையில் மகளை யாழ். நகரத்தில் பள்ளிக்கூடத்தில் இறக்கி, மனைவியை விட்டு, சுன்னாகம் போய், பின்னேரம் திரும்ப வேண்டும். ஒரு நாளைக்கு 35 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். இதை இந்தக் காரில் வருடம் முழுக்கச் செய்யலாமா? கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் எடுக்கும் காராக இல்லை, தினமும் எடுக்கும் காராக. உண்மையாக ஓடுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பிள்ளைகளை ஏற்றலாமா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதில் 1: கொக்குவில் வயர்மன்

தம்பி, ஓடலாம். நான் ஓடுகிறேன்.

வீட்டு வயரிங் எனது தொழில். 2003இல் இருந்து என்னிடம் இருப்பது ஒரே வாகனம், அதுவும் 1959ஆம் ஆண்டு மைனர். கூரையில் ஏணி கட்டியிருக்கும், டிக்கியில் வயர்ச் சுருளும் சுவிட்ச் பெட்டிகளும், பின் சீற்றில் உதவிக்கு வரும் பொடியன். மாதகல், சாவகச்சேரி, அச்சுவேலி என்று எங்கே வேலை வந்தாலும் அதில்தான். 2002இல் ஏ-9 பாதை திறந்ததும் எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று பழைய கார்கள் லொறியில் ஏறித் தெற்குக்குப் போயின. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் இரண்டு, சோமர்செட் ஒன்று. நாலாவதாகப் போக இருந்ததை நான் மறித்து வாங்கினேன். ஹயர் ஓடிய கார். வாங்கும்போது கீழ்த் தகடு கால் வைத்தால் நெளியும்.

முதலில் ஒன்று சொல்லுகிறேன். இந்தக் காருக்கு எங்கள் ஊர் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று ஒன்று இல்லை. தூரம் குறைவு. 50க்கு மேல் போக விடாத றோட்டுகள். ஏ-9இல் கூட எங்களுக்குச் சட்டப்படி 70தான், மைனர் அந்த வேகத்தில் மூச்சு வாங்காமல் போகும். ஸ்ரியரிங்கின் பல்லுச்சக்கரம் ஒரு பல்லுச்சட்டத்தில் ஓடிச் சில்லை நேராகத் திருப்பும், அந்தக் காலத்துக் கார்களில் அது பெரிய விஷயம். கொக்குவில் ஒழுங்கைகளில் இரண்டு மதிலுக்கு இடையில் திருப்பும்போது இன்றைக்கும் எனக்கு அது சந்தோஷம் தரும்.

நீங்கள் கணித மாஸ்ரர் என்றபடியால் இதையும் சொல்லவேண்டும். பொனற்றின் நடுவில் முன்னிருந்து பின்னுக்கு ஒரு தட்டையான பட்டை ஓடும், பார்த்திருப்பீர்கள். இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் காரைச் செய்து முடித்த பிறகு அது ஒடுக்கமாக இருக்கிறது என்று நினைத்து, நடுவில் நீளத்துக்கு அறுத்து, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாராம். 4 அங்குலம் இடைவெளி விட்டபோது கண்ணுக்குச் சரியாகப் பட்டது. அந்த 4 அங்குலம்தான் அந்தப் பட்டை. 1948இல் வந்த கார், 1971 வரை செய்தார்கள், 16 லட்சம் கார்கள் வரை வெளிவந்தன. பிறகு மினி காரைக் கொண்டுவந்ததும் அதே மனிதர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காருக்குச் சனிக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம் கொடுக்க உங்களால் முடியுமா? மற்றக் கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். அது முடியாதென்றால் கொழும்பு ஆளுக்கே கொடுத்துவிடுங்கள், கார் தப்பும்.

நான் செய்வதைச் சொல்லுகிறேன். விடிய ஆறு மணிக்கு, வெயில் ஏறமுதல், ஒரு சாக்கை விரித்துக் காருக்குக் கீழே படுப்பேன். முன் சில்லு ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று கிறீஸ் நிப்பிள் இருக்கிறது. கீழே இருப்பதை முதலில் பெருவிரலால் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் மணலையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுவீர்கள். கிறீஸ் பம்மை வைத்து அழுத்தினால் முதலில் கறுப்பாக, மாரி என்றால் சேற்று நிறத்தில், பழைய கிறீஸ் விளிம்பால் பிதுங்கும். அது நிற்காமல் வரட்டும். புதுக் கிறீஸின் மண்ணிறம் தெரிந்த பிறகுதான் நிறுத்துவேன். கைநூலில் ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை என்று இருக்கும். எங்கள் வெள்ளத்துக்கும் புழுதிக்கும் மாரியில் கிழமைக்கு ஒரு தடவை, கோடையில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை.

ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்லுகிறேன் என்றால், 2011இல் நாலு மாதம் இதைச் செய்யாமல் விட்டேன். வேலை கூடின நேரம். ஒருநாள் திருநெல்வேலிச் சந்தியில் சந்தைப் பக்கம் திருப்பும்போது வலது முன் சில்லு அப்படியே உள்ளுக்கு மடிந்து, மூலை நிலத்தில் இருந்தது. சில்லு திரும்புவதைத் தாங்கும் கீழ் முளையின் மரை, கிறீஸ் இல்லாமல் தேய்ந்து கழன்றுவிட்டது. பத்துக் கிலோமீற்றர் வேகம் இருக்காது, அதனால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. மரக்கறி விற்றுக்கொண்டிருந்த ஆட்கள் ஓடிவந்து தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். அதே சில்லு அன்று காலை கைதடியில் 60இல் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை.

அடுத்தது தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். றேடியேற்றருக்குள்ளும் எஞ்சினுக்குள்ளும் அதேதான் படியும். பிறகு சூடாகிறது, சூடாகிறது என்று எஞ்சினைக் குறை சொல்லுவோம். நான் மாரியில் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு, ஓட்டில் வடியும் தண்ணீரை மூன்று கானில் பிடித்து வைப்பேன். வருடத்துக்கு அது போதும். துருப்பிடிக்காமல் இருக்கக் கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். நல்லூர்த் திருவிழா நேரம் சனத்துக்குள் அரைமணித்தியாலம் ஊர்ந்தாலும் என்னுடையது கொதிப்பதில்லை.

கரண்ட் விஷயம் என் தொழில், அதனால் கவனமாகக் கேளுங்கள். இந்தக் காரில் பற்றறியின் நேர்முனைதான் உடம்போடு பூட்டியிருக்கும். இப்போதைய கார்களுக்கு எதிர். போன் சாஜரோ றேடியோவோ கடைக்காரர் பழக்கத்தில் பூட்டினால் எரிந்துபோகும். அதோடு டைனமோ மெதுவாக ஓடும்போது சாஜ் தராது. இரவில் லைற்றும் வைப்பரும் போட்டுக்கொண்டு பஸ்சுக்குப் பின்னால் ஊர்ந்தால் வெளிச்சம் மஞ்சளாகி வரும். நான் 2015இல் முனையை மாற்றி, டைனமோவுக்குப் பதிலாக ஓல்ற்றனேற்றர் பூட்டினேன். தினமும் ஓடுவதென்றால் நீங்களும் செய்யுங்கள். பழமை கெடுகிறது என்று சொல்லுகிறவர்கள் மாரி இரவில் மானிப்பாய் றோட்டால் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம் டிக், டிக், டிக் என்று அடித்து, மெதுவாகி நிற்கும். அது நின்ற பிறகு ஸ்ராட் பண்ணுங்கள். நிற்காமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது தாங்கியில் பெற்றோல் இல்லை. அடிக்கவே இல்லை என்றால் ஸ்பனர் பிடியால் மெல்ல ஒரு தட்டு. வீட்டுக்கு வந்து சேர அது போதும், ஆனால் வந்ததும் பம்முக்குள் கரண்ட் தொடும் பொயின்ற்றைத் துடைக்கவேண்டும்.

ரயர்க் கடையில் கவனம். பழைய கைநூலில் காற்று 22 இறாத்தல் என்று இருக்கும். நான் ரேடியல் ரயருக்கு 26 வைக்கிறேன். பொடியன்மார் கேட்காமல் 35 அடித்துவிடுவார்கள், பிறகு ஸ்ரியரிங் கையில் நிற்காது.

கணக்குக் கேட்டால், கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். போன வருடம் 9,200 கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன். லீற்றருக்கு 12, 13 கிடைக்கிறது. றோட்டில் நின்றது மூன்று தடவை: ஒருமுறை கொண்டென்சர், ஒருமுறை பெற்றோல் பம், ஒருமுறை ஃபான் பெல்ற். மூன்றையும் நின்ற இடத்திலேயே நானே செய்தேன். டிக்கியில் இந்த மூன்று சாமானும் எப்போதும் இருக்கும், நீங்களும் வையுங்கள். 2022 பெற்றோல் பஞ்சத்தில் கியூஆர் அட்டைக்குக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று தந்தார்கள். எனக்கு அதில் மிச்சம் வந்தது.

சாமான் கிடைக்கும். பயப்படாதீர்கள். இங்கிலாந்தில் இப்போதும் புதிதாகச் செய்கிறார்கள். 90களில் அங்கே பாத் நகரத்தில் இருந்த மைனர் நிலையம் ஒன்று இலங்கையிலேயே தகடுகள் செய்வித்து எடுத்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது தேடலாம். லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் பிறேக் றப்பர்கள், முளை, புஷ் எல்லாம் ஒரு சின்னப் பொதிக்குள் அடங்கும். என் மச்சான் வரும்போதெல்லாம் சொக்கிலேற்றோடு அதுவும் வரும்.

வெளிக்கிட முன்னம் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு நல்ல கராச்சைப் பிடியுங்கள். இணுவிலில் ஒருவர் இங்கே எழுதுகிறவர், அவர் வந்து சொல்லட்டும்.

பதில் 2: இணுவில் கராச்

கொக்குவில் அண்ணை கூப்பிட்டபடியால் வந்தேன். மாஸ்ரர், முதலில் ஒரு வேண்டுகோள். கைபிடியை இனிச் சுற்றவேண்டாம். ஸ்ராட் பண்ணிப் பார்க்கவே வேண்டாம். பத்து வருடத்துக்கு மேல் நின்ற எஞ்சினுக்குள் சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பிறகு பிளக் இல்லாமல் சுற்றுங்கள்.

உங்கள் கார் மண்ணெண்ணெயில் ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு முக்கியம். அந்தக் காலத்தில் அப்பாவோடு நான் கராச்சில் நின்றேன். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாதது சிலிண்டர் சுவரால் வடிந்து கீழே ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் கம்பியை இழுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் மணக்கும், விரலில் தேய்த்தால் தண்ணீர் மாதிரி வழியும். அந்த ஒயிலில் ஓடிய பெயாரிங் தேய்ந்திருக்கும். கட்டாயம் எஞ்சினுக்குக் கீழே ஒயில் நிற்கும் சம்பைக் கழற்றிப் பார்க்கவேண்டும். எஞ்சின் தலையைக் கழற்றினால் வால்வுகளில் கரி கல்லாக இருக்கும். கழற்றுகிற நேரத்திலேயே வெளிப்போக்கு வால்வுகள் மூடி உட்காரும் இடத்துக்குக் கடின இருக்கை போட்டுவிடுங்கள். இவை ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்த எஞ்சின்கள், இப்போதைய பெற்றோலில் இருக்கை மெல்ல மெல்ல உள்ளுக்குப் போகும்.

பெற்றோல் தாங்கியைக் கழற்றாமல் ஒன்றும் செய்யாதீர்கள். உள்ளே தார் மாதிரி ஒன்று இருக்கும்.

ஆனால் இதெல்லாம் பிறகு. என்னிடம் கார் வந்தால் முதல் கிழமை எஞ்சினைத் தொடமாட்டேன். முதலில் பிறேக், இரண்டாவது துரு. மைனரில் பிறேக் எண்ணெயைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, தரைக்குள் இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கி ஒரு சின்ன மூடியைக் கழற்றித்தான் எண்ணெய் பார்க்க வேண்டும். கண்ணில் படாத இடம் என்றபடியால் பார்க்காமலே விட்டுவிடுவார்கள். அதைக் கழற்றுவதற்கு, முன் சில்லுகளுக்கு வில்லாக இருக்கும் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும், அதனால் அரைகுறையாகப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லுகிற கராச்சும் உண்டு. நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். சில்லுச் சிலிண்டர்கள் எல்லாம் புதிது, றப்பர்க் குழாய் மூன்றும் புதிது, இரும்புக் குழாயும் புதிது. ஒன்றையும் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

துருவுக்கு ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டாத இடத்தில் உள்ளே தகடு இல்லை, பசைதான். முன் சீற்றுக்குக் கீழே குறுக்கே ஒரு இரும்புக் கட்டை ஓடுகிறது, முறுக்குக் கம்பிகளின் பின் முனை அதில்தான் பிடித்திருக்கிறது. அதில் துரு என்றால் வெட்டிப் புதிது வைத்த பிறகுதான் கார் றோட்டுக்கு. பின் வில்லுத் தகடு பூட்டும் இடமும் அப்படியே. கோப்பாய் என்றபடியால் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. நாவாந்துறை, ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கார்களை உப்புக் காற்று தின்றுவிடும்.

இன்னொன்று. காரின் பதிவுப் புத்தகம் இன்னும் அம்மப்பா பெயரில் இருக்கும். காசு செலவழிக்க முன்னம் பெயர் மாற்றத்தைத் தொடங்குங்கள். மரணச் சான்றிதழ், மற்ற உரித்தாளர்களின் சம்மதம் எல்லாம் வேண்டும். மாமாவும் கையெழுத்துப் போடவேண்டி வரலாம், இப்போதே பேசி முடியுங்கள். வருமான அனுமதிப்பத்திர நிலுவை பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் அது வராது.

பதில் 3: நெல்லியடி மகள்

நான் வேறு பக்கத்தில் இருந்து சொல்லுகிறேன், கொக்குவில் அண்ணை கோபிக்கக்கூடாது.

அப்பாவின் மைனரில் நாலு வருடம் நெல்லியடியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போய்வந்தேன். ஒரு பக்கம் 28 கிலோமீற்றருக்குக் கிட்ட. மாஸ்ரர் கேட்ட மாதிரி வருடம் முழுக்க, மழை வெயில் பார்க்காமல். பிறகு நிறுத்தினேன்.

நிறுத்திய நாள் நல்ல ஞாபகம். நீர்வேலியில் முன்னால் போன பஸ் ஆட்களை இறக்க நின்றது. நான் பிறேக்கை மிதித்தேன், கால் நேரே தரைக்குப் போனது. இந்தக் காரில் நாலு சில்லுக்கும் ஒரே குழாய் வழி. ஒரு இடத்தில் விட்டால் நாலும் போய்விடும். பின் சில்லு ஒன்றில் றப்பர் கிழிந்திருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது. கைப்பிறேக்கை இழுத்து, கியரை இறக்கி, ஒரு வாழைத் தோட்டத்து வேலிக்குள் விட்டேன். பின் சீற்றில் என் மகள் இருந்தாள், அப்போது ஒன்றரை வயது. முன் சீற்றின் முதுகில் முகம் அடித்து உதடு வெடித்தது. அவளைத் தூக்கிக்கொண்டு நின்றபோது எனக்குக் கார் மேல் கோபம் வரவில்லை. பெல்ற் இல்லாத சீற்றில் பிள்ளையை இருத்தி ஓடியது நான்.

மாஸ்ரர், நீங்கள் பிள்ளைகளைப் பற்றி மறைக்காமல் கேட்டீர்கள். அதனால் சொல்லுகிறேன். இரண்டு கதவுக் காரில் பின்னால் இருக்கும் பிள்ளை கதவைத் திறந்து விழாது, அது ஒரு நல்ல விஷயம். ஆனால் பின் சீற்றில் பெல்ற் பூட்ட ஒழுங்கான இடம் இல்லை. தகட்டில் துளைத்து நட்டு முறுக்கிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இழுத்த இழுப்பில் தகட்டோடு வரும். உள்ளே கனமான தகடு வைத்து ஒட்டி, அதில் பூட்டவேண்டும். உங்கள் மகனுக்குப் பிள்ளைச் சீற்றும் வேண்டும். இவை செய்து முடியும்வரை பிள்ளைகளை ஏற்றவேண்டாம்.

வெயிலும் இருக்கிறது. சித்திரையில் வல்லை வெளியால் வரும்போது கண்ணாடியை இறக்கினால் அனல், ஏற்றினால் அவியும். பெரிய ஆட்கள் தாங்குவோம்.

அப்பாவின் காரை நான் விற்கவில்லை. பிறேக் எல்லாம் மாற்றி வைத்திருக்கிறேன். நெல்லியடிச் சந்தைக்கும் கோயிலுக்கும் எடுப்பேன். ஆனால் தினமும் பிள்ளையோடு 56 கிலோமீற்றர் என்றால், இன்றைக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். உங்களுக்கு 35, அதுவும் கோப்பாய்க்கும் சுன்னாகத்துக்கும் இடையில் நெரிசல் குறைந்த றோட்டு. யோசித்து முடிவெடுங்கள்.

பதில் 4: கொக்குவில் வயர்மன்

பிள்ளை, நான் ஏன் கோபிக்கப்போகிறேன். நீ எழுதியதை நான் முதலிலேயே எழுதியிருக்கவேண்டும். என் காரில் ஏறுவது நானும் ஒரு பொடியனும், அதனால் பின் சீற்றைப் பற்றி யோசிக்கவில்லை.

மாஸ்ரர், அவ சொன்னது முழுக்கச் சரி. இரட்டை வழி மாஸ்ரர் சிலிண்டரும் முன்னுக்கு டிஸ்க் பிறேக்கும் மைனருக்கென்றே செய்து விற்கிறார்கள். மற்றச் சாமான்களை விடக் காசு கூட. எஞ்சினை அடுத்த வருடம் செய்யலாம், பெயின்ற் எப்போதாவது அடிக்கலாம். அந்தக் காசை முதலில் இதில் போடுங்கள். நான் ஒவ்வொரு காலையும் படலை திறக்க முதல் பிறேக்கை மூன்று தரம் மிதித்து, நாலாவது தரம் காலை அழுத்தி வைத்து இருபது எண்ணுவேன். மெல்ல இறங்கினால் அன்றைக்கு வேலைக்குப் பஸ்சில்தான்.

மீண்டும்: கோப்பாய் மாஸ்ரர்

இரண்டரை மாதம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி சொல்லவேண்டும்.

அம்மம்மாவிடம் முதலில் கேட்டேன். "அவர் ஓட்டிக்கொண்டிருக்கத்தான் வாங்கினவர்" என்றா. மாமாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார். கார் இணுவிலுக்குப் போனது. தாங்கிக்குள் அண்ணை சொன்ன தார் இருந்தது, கத்தியால் சுரண்டி எடுத்தோம், அவ்வளவு வருடத்துக்குப் பிறகும் மண்ணெண்ணெய் மணத்தது. குறுக்குக் கட்டை இடது பக்கம் போய்விட்டது, வெட்டிப் புதிது வைத்தாயிற்று. முன்னுக்கு டிஸ்க் பிறேக், இரட்டை வழி, நாலு சீற்றுக்கும் பெல்ற். செலவு நான் நினைத்ததை விடக் கூடிவிட்டது, ஆனாலும் லீசிங்கில் ஒரு வருடக் காசுக்குள் நிற்கிறது. எஞ்சினுக்குப் பெயாரிங்கும் வால்வு இருக்கையும் போட்டோம். பெயின்ற் தொடவில்லை.

நெல்லியடி அக்கா, முதல் மாதம் பிள்ளைகளை ஏற்றவில்லை. நான் மட்டும் சுன்னாகம் போய்வந்தேன். ஒருநாள் மருதனார்மடத்தில் பம் நின்றது, ஸ்பனர் பிடியால் தட்டினேன், ஓடியது. போன திங்கட்கிழமைதான் மகள் முதன்முதல் பள்ளிக்கூடத்துக்குக் காரில் போனாள். சனிக்கிழமைகளில் கிறீஸ் பம்மைப் பிடிப்பதும் அவள்தான். பழைய கிறீஸ் நிறம் மாறும்போது "அப்பா, வந்திட்டுது" என்று சொல்லுவாள்.

அம்மம்மாவை ஒரு பின்னேரம் ஏற்றிக்கொண்டு நல்லூருக்குப் போனோம். முன் சீற்றில் இருந்தா. கதவைச் சாத்த நான் குனிய முன்னம், கைபிடியை மேலே தூக்கி இழுத்துச் சாத்தினா. அது அப்படித்தான் சாத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு சின்னக் கேள்வி மிச்சம் இருக்கிறது. இடது கை சிக்னல் பாதி எழும்பி நின்றுவிடுகிறது. லைற் எரிகிறது. வலது சரியாக வேலை செய்கிறது. மினுக்கி லைற்றும் பூட்டியிருக்கிறேன், ஆனால் இதையும் வேலை செய்ய வைக்க ஆசை.

பதில் 5: கொக்குவில் வயர்மன்

சிக்னல் கையை விரலால் முழுக்க வெளியே இழுத்துப் பிடித்து, அச்சில் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். ஒரு துளிதான், கூட விட்டால் புழுதி ஒட்டும். எழும்பாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காரைக் கொக்குவிலுக்குக் கொண்டுவாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.